பகலிலும் பரவும் யானைக்கால், உவர்நீரில் பிறக்கும் மலேரியா: அந்தமான் நிக்கோபாரின் ஒட்டுண்ணிகள்

மனித உடலுக்குள்ளோ தோலின் மேலோ குடியேறி, அந்த உடலின் இரத்தத்தையும் உணவையும் கொண்டே வாழும் உயிர்கள் ஒட்டுண்ணிகள். மலேரியா, அமீபா சீதபேதி போன்றவற்றை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரிகள். யானைக்கால் நோயையும் குடல் தொல்லைகளையும் தருபவை புழுக்கள். பேனும் சிரங்குப் பூச்சியும் தோலோடு நின்றுவிடுபவை. அந்தமானில் மழைக்காலந்தோறும் பேசப்படும் எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது என்பதால் இந்த வரிசையில் சேராது.

சென்னையிலிருந்து கடல்வழியில் ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் இருக்கிறது அந்தமான் நிக்கோபாரின் தலைநகர் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை, எப்போதும் ஈரமான மண், கடலோரச் சதுப்புகள், வீட்டு வாசல் வரை வரும் காடு என்று ஒட்டுண்ணிகளுக்கு வேண்டியதெல்லாம் இங்கே உண்டு. 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சமாக இருந்த தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். ஆனால் இந்தத் தீவுகளின் ஒட்டுண்ணிகள் தமிழ்நாட்டிலோ வங்கத்திலோ நடந்துகொள்வது போல இங்கே நடந்துகொள்வதில்லை. அவற்றைச் சுமக்கும் கொசுக்கள் கடிக்கும் நேரமும் பெருகும் நீரும் வேறு. பெருநிலப்பகுதியில் பலன் தந்த முறையை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தால் இங்கே பாதி வேலைதான் நடக்கும் என்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான சான்று இருக்கிறது.

குடியேற்றங்களைக் கலைத்த காய்ச்சல்

1756இல் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய டேனியர்கள் நிக்கோபார்த் தீவுகளைத் தங்கள் குடியேற்றமாக்க முயன்றார்கள். முதலில் கிரேட் நிக்கோபாரில் இறங்கி, காய்ச்சலில் ஆட்களை இழந்து, பிறகு கமோர்ட்டாவுக்கு மாறினார்கள். அங்கும் அதே கதைதான். 1768இல் நன்கௌரியில் குடியேறிய மொராவிய மறைப்பணியாளர்கள் 1787 வரை தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் பலர் தீவிலேயே புதைக்கப்பட்டார்கள். வேறு பலர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சில நாட்களில் இறந்தார்கள். டேனியர்கள் பலமுறை வந்தும் பலமுறை விலகியும், கடைசியில் 1868இல் தங்கள் உரிமையை ஆங்கிலேயரிடம் விற்றார்கள்.

வடக்கே அந்தமானிலும் இதுவே நடந்தது. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் அமைத்த குடியேற்றம் 1792இல் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. அங்கே நோயும் சாவும் மிகுந்து 1796இல் கைவிடப்பட்டது. 1858இல் கைதிகளோடு மீண்டும் தொடங்கப்பட்ட போர்ட் பிளேரில் காட்டை வெட்டியவர்களும் சதுப்பைத் தூர்த்தவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். அந்தத் தண்டனைக் குடியேற்றத்துக்கு வழங்கிய காலாபானி என்ற பெயரில் இருந்த அச்சத்துக்குச் சவுக்கடியும் தூக்குமரமும் மட்டுமே காரணமல்ல. கைதியின் உடலை அரித்ததில் மலேரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறை வரலாற்று நூல்களில் அந்தப் பங்குக்குச் சில வரிகளே கிடைக்கின்றன.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், பெண் அனோஃபிலிஸ் கொசு கடிக்கும்போது இரத்தத்தில் நுழைந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகிய பிறகு வெளியேறிச் சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. அந்த அணுக்கள் ஒரே நேரத்தில் உடைந்து சிதறும்போதுதான் குளிரும் நடுக்கமும் வருகின்றன. வைவாக்ஸ் வகை கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். அதை வேரறுக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் மருத்துவரின் கவனம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஃபால்சிபாரம் வகை உறங்குவதில்லை. அது தொற்றிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைப்பதால், சிகிச்சை தாமதமானால் உயிர் போகும்.

இந்தத் தீவுகளில் மலேரியாவைப் பரப்பும் கொசு அனோஃபிலிஸ் சண்டைகஸ். பெரும்பாலான அனோஃபிலிஸ் கொசுக்கள் நன்னீரைத் தேடும். இதுவோ கடல்நீரும் மழைநீரும் கலந்து, வெயில் பட்டு, பாசி படர்ந்த உவர்நீரில் முட்டையிடும். மலேரியா ஆய்வில் பெயர்பெற்ற ரிக்கார்டு கிறிஸ்டோஃபர்ஸ் அந்தமானில் ஆராய்ந்து 1912இல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஊர் ஊராகக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அன்றைய கணக்கெடுப்பு முறை. உவர்ச் சதுப்பிலிருந்து அரை மைலுக்குள் இருந்த ஊர்களில் வீக்கம் மிகுதியாகவும், உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் குறைவாகவும் இருந்தது. இரத்தப் பரிசோதனைக் கருவிகள் பரவலாக இல்லாத காலத்தில், விரல்களாலேயே ஒரு நோயின் எல்லைக்கோட்டை வரைந்த அந்த வேலை இன்றும் வியப்பைத் தருகிறது.

2004 டிசம்பர் 26 அந்த எல்லைக்கோட்டையே நகர்த்தியது. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானும் நிக்கோபாரும் தாழ்ந்தன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் கீழிறங்கியது. வடக்கு அந்தமானின் சில கரைகள் மேலெழுந்தன. சுனாமி வந்து போனது, ஆனால் தாழ்ந்த நிலத்தில் புகுந்த கடல்நீர் போகவில்லை. போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்கள் நிரந்தர நீர்ப்பரப்பாயின. மழை பெய்யப் பெய்ய அந்த நீர், சண்டைகஸ் விரும்பும் உவர்ப்புக்கு வந்தது. சில மாதங்களில் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் தெற்கு அந்தமானில் தேடியபோது, முன்பு நன்னீர் நின்ற வயல்களில் இந்தக் கொசுவின் புழுக்களைக் கண்டார்கள். 2005இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, மலேரியா பெருக்கெடுக்கும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. சுனாமி நிவாரணத்தில் வீடும் படகும் கணக்கில் வந்தது போல, ஓர் ஊரின் கொசு மாறிவிட்டதும் கணக்கில் வந்திருக்க வேண்டிய இழப்பு.

பகலில் கடிக்கும் யானைக்கால்

இந்தத் தீவுகளுக்கே உரிய ஒட்டுண்ணி எது என்று கேட்டால், விடை நன்கௌரித் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. நன்கௌரி, கமோர்ட்டா, கச்சால், டிரிங்கெட், தெரசா, சௌரா ஆகியவை அடங்கிய இந்தக் கூட்டத்தில் பரவும் யானைக்கால் நோயின் வகை இந்தியாவில் வேறெங்கும் இல்லை.

யானைக்கால் நோயைத் தருவது வூச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல் போன்ற புழு. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும். ஆணும் பெண்ணும் நிணநீர்க் குழாய்களுக்குள் பின்னிப் பிணைந்து ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து, நுண்புழுக்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கொசு கடிக்கும்போது இவை அதன் உடலுக்குப் போய் வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கையில் தோல் வழியே இறங்குகின்றன. ஒரு கடியில் நோய் வந்துவிடாது. பல நூறு கடிகள், பல ஆண்டுகள் வேண்டும். புழு இருக்கும் குழாய் தளர்ந்து, நிணநீர் தேங்கி, அடிக்கடி நெறி கட்டி, காய்ச்சல் வந்து, கடைசியில் காலோ கையோ விரையோ வீங்கி நிற்கும்போதுதான் நோய் வெளியே தெரியும். அதற்குள் பாதி வாழ்க்கை கடந்திருக்கும்.

நுண்புழுக்களை மனித இரத்தத்தில் முதலில் கண்டவர்களில் ஒருவர் திமோதி லூயிஸ். ஆண்டு 1872, இடம் கல்கத்தா. கொசுவின் பங்கை 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் காட்டினார். அவரே இன்னொரு விந்தையையும் கவனித்தார். பகலில் எடுத்த இரத்தத்தில் நுண்புழுக்கள் இல்லை. நள்ளிரவில் எடுத்தால் கூட்டமாக இருக்கின்றன. பகல் முழுதும் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கி, இரவில் தோலோரம் வருகின்றன. கும்பகோணத்திலும் சென்னையிலும் இந்தப் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கிறது. கொசு வரும் நேரம்தான் புழுவும் வெளியே வரும் நேரம். தமிழ்நாட்டில் யானைக்கால் தடுப்புப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டி விரல்நுனியில் இரத்தம் எடுத்ததன் காரணம் இதுதான்.

நன்கௌரியில் அந்த நேரக்கணக்கு செல்லாது. அங்குள்ளவர்களின் இரத்தத்தில் நுண்புழுக்கள் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கின்றன; பகலில் சற்றே கூடுதலாக இருக்கின்றன. அங்கே அவற்றைச் சுமப்பது டவுன்சியோமியா நிவியா என்ற காட்டுக்கொசு. மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில் பிறந்து, பகல் வெளிச்சத்தில் கடிப்பது. அதன் நேரத்துக்கு ஒட்டுண்ணியும் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் சமோவா போன்ற தீவுகளிலும் பகல்நேர வகை உண்டு. இந்தியாவில் அது 1970களில் நிக்கோபாரிலிருந்து பதிவானது. போர்ட் பிளேரில் 1983இல் தொடங்கப்பட்ட மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையமும் புதுச்சேரி மையமும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கின்றன.

இதன் விளைவை ஒரு தொழிலாளியின் நாளோடு பொருத்திப் பார்த்தால் தெளிவாகும். 1964இன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ரப்பர்ப் பால்வெட்டு விடியலில் தொடங்கும் வேலை. காட்டை ஒட்டிய தோட்டத்தில் மரம் மரமாக நடக்க வேண்டும். தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கும் நிக்கோபாரியருக்கும் வேலை பகலில், காட்டோரத்தில்தான். இரவு கொசுவலைக்குள் படுப்பதால் மலேரியாக் கொசுவிடமிருந்து தப்பலாம். வேலையிடத்தில் கடிக்கும் இந்தக் கொசுவிடமிருந்து தப்ப முடியாது. வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதும் பயன்தராது, ஏனெனில் இது சுவரில் வந்து அமரும் வீட்டுக்கொசு அல்ல. ஒரு காட்டின் மரப்பொந்துகள் எல்லாவற்றையும் அடைப்பது யாராலும் ஆகாது. கேரளத்தின் சேர்த்தலையில் குளத்து நீர்த்தாவரங்களை அகற்றியே இன்னொரு வகை யானைக்கால் புழுவின் கொசுவைக் குறைத்தார்கள். அந்த வழியும் இங்கே அடைபட்டிருக்கிறது.

ஆக, கொசுவை விட்டுவிட்டு இரத்தத்தில் உள்ள நுண்புழுவையே குறைக்க வேண்டும். 2004 முதல் நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை தகுதியுள்ள எல்லோருக்கும் நுண்புழுவைக் கொல்லும் டிஇசி மாத்திரை கொடுக்கப்படுகிறது. பின்னர் அதனுடன் குடற்புழு மருந்தான அல்பெண்டசோலும் சேர்ந்தது. மாத்திரை விழுங்கியவரின் உடலில் நுண்புழுக்கள் கூட்டமாகச் செத்துக் காய்ச்சலும் தலைசுற்றலும் வரும். வேலை செய்வதற்கான அடையாளம் அது. ஆனால் எந்த நோயும் இல்லாமல் இருந்தவருக்கு மாத்திரையால் காய்ச்சல் வந்ததாகவே தோன்றும். அடுத்த ஆண்டு அவர் கைநீட்ட மாட்டார். கப்பலும் படகும் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டிய ஊர்களில் ஒரு சுற்றுக்கு விடுபட்டவரைத் தேடிப்பிடிப்பதும் எளிதல்ல.

இங்கேதான் உப்பு கைகொடுத்தது. டிஇசி சமையல் சூட்டில் கெடாது, சுவையை மாற்றாது. ஒரு கிலோ உப்பில் 2 கிராம் மருந்தைக் கலந்து வீட்டுச் சமையலுக்குக் கொடுத்தால், ஒவ்வொருவரும் சோற்றோடும் மீன்குழம்போடும் சிறுகச் சிறுக மருந்தை உட்கொள்வார்கள். நுண்புழுக்கள் ஒரேயடியாகச் சாகாமல் மெல்லக் குறைவதால் தொல்லையும் குறைவு. 1970களில் லட்சத்தீவுகளில் இது செய்து பார்க்கப்பட்டது. சீனா யானைக்கால் நோயை ஒழித்ததாக 2007இல் அங்கீகாரம் பெற்றதில் மருந்து உப்புக்கு முக்கிய இடம் உண்டு. நன்கௌரித் தீவுகளில் ஆண்டு மாத்திரையோடு இந்த உப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, மாத்திரை மட்டும் தந்ததைவிட நுண்புழு அளவு நன்கு குறைந்தது. வெளியிலிருந்து கப்பலில் வரும் உப்பையே நம்பியிருக்கும் சிறு தீவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி சொல்வது கடினம். நாடு முழுவதும் யானைக்காலை ஒழிக்க 2027 இலக்காக வைக்கப்பட்டிருக்கிறது. மாவட்டக் கணக்கில் மிகச் சிறியதாகத் தோன்றும் இந்தத் தீவுக்கூட்டம் அந்த இலக்கில் தனிக் கவனம் பெற வேண்டிய இடம்.

ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் கட்டுப்படும். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு.

மண்ணிலிருந்தும் தட்டிலிருந்தும்

குடற்புழுக்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. ஈரமும் நிழலும் மணற்பாங்கான மண்ணும் உள்ள தோப்புகளில் கொக்கிப்புழுவுக்கு நல்வாழ்வு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை சில நாட்களில் புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. இரத்த வழியே நுரையீரலுக்குப் போய், சளியோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் சேர்ந்து, சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுகிறது. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது மிகச் சிறிதளவே. நூறு புழுக்கள் பல மாதம் உறிஞ்சினால் சோகை வரலாம். கர்ப்பிணிக்கு அது உயிராபத்து.

இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே இந்தப் புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் ஓர் இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுப்பது எளிதாக இருந்தது. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கழிப்பறை கட்டச் செலவிடத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் புழுவை வாங்கிக்கொண்டார்கள். நூறாண்டுக்குப் பிறகும் சிக்கலின் வடிவம் மாறவில்லை.

உருண்டைப்புழு வாய்வழியே வருகிறது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை ஈர மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். கீரிப்பூச்சி இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தந்து, குழந்தையின் நகக்கண் வழியே மறுபடி வாய்க்குப் போகும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10லும், மீண்டும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் தரப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரையான 400 மி.கி., அதற்குக் கீழ் பாதி. சாட்டைப்புழுவுக்கு மட்டும் ஒற்றை மாத்திரை போதுமான அளவு வேலை செய்வதில்லை. மாசுபட்ட குடிநீரில் வரும் அமீபாவும் ஜியார்டியாவும் புழுக்களே அல்ல. அவற்றுக்கு இந்த மாத்திரை மருந்தாகாது, நீரைக் கொதிக்கவைத்தால் இரண்டும் செத்துவிடும்.

நிக்கோபாரில் பன்றியில்லாத விருந்தோ சடங்கோ கிடையாது. அங்கே பன்றி நாடாப்புழுவைப் பற்றிய தெளிவு தேவை. வேகாத பன்றி இறைச்சியில் உள்ள புழுக்கட்டிகளை உண்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அதுகூடப் பெரிய ஆபத்தில்லை. அந்த மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் அவருடைய வாய்க்குள்ளோ இன்னொருவரின் வாய்க்குள்ளோ போனால்தான் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருகிறது. பன்றி இறைச்சியையே தொடாதவருக்கும் இந்த வலிப்பு வரக் காரணம் இதுதான். பழி பன்றியின்மேல் போடப்பட்டாலும், கழிப்பறையும் கை கழுவுதலும்தான் இந்தச் சங்கிலியை அறுக்கும் இடங்கள்.

இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1945 வரை தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தை இன்று அந்தமானின் தோட்டங்களைத் தின்கிறது. உலகின் பல பகுதிகளில் எலியின் நுரையீரல் புழுவைச் சுமப்பதும், அதன்வழி மனிதருக்கு மூளைச்சவ்வு அழற்சி தருவதும் இந்த நத்தைதான். வெறுங்கையால் அதைப் பொறுக்கக் கூடாது. அது ஊர்ந்த கீரையைக் கழுவாமல் உண்ணக் கூடாது.

தோலோடு நிற்பவற்றுள் பேனுக்குச் சீப்பும் மருந்துத் தைலமும் போதும். சிரங்குப் பூச்சிக்கு ஒருவருக்கு மட்டும் மருந்து தடவினால் வீண். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவி, துணியையும் படுக்கையையும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.

குரங்கிலிருந்து வரும் மலேரியா

கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளில் நீண்டவால் குரங்கின் தனித் துணையினம் ஒன்று வாழ்கிறது. தென்கிழக்காசியாவில் இந்தக் குரங்கின் உறவுகள் பிளாஸ்மோடியம் நோலெசி என்ற மலேரியா ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. மலேசியாவின் சரவாக்கில் மனிதர்களிடையே இது பெருமளவில் பரவுவது 2004இல் தெரியவந்தது. அந்தமான் நிக்கோபாரில் எடுத்த மனித இரத்த மாதிரிகளிலும் மரபணுச் சோதனையில் நோலெசி கண்டறியப்பட்டு, 2013இல் பதிவாகியிருக்கிறது.

நுண்ணோக்கியில் இது சாதுவான பிளாஸ்மோடியம் மலேரியே வகையைப் போலவே தெரியும். ஆனால் இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கொருமுறை பெருகுவதால் நோயாளி விரைவில் மோசமாவார். அடையாளம் காண மரபணுச் சோதனை தேவை. ஃபால்சிபாரத்துக்குத் தரும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் இதையும் குணமாக்கும். மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியாவை, நோயாளிகளைத் தேடிக் குணப்படுத்தினாலே ஒழித்துவிடலாம். காட்டுக் குரங்கின் இரத்தத்தில் இருப்பதை அப்படி ஒழிக்க முடியாது. மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவும் மனித மலேரியா பதிவாகவில்லை. நோலெசி நோயாளிகள் மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். காடு வெட்டுவோரும் தோட்டத் தொழிலாளர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர். 2030க்குள் மலேரியாவை ஒழிக்க இந்தியா முயல்கிறது. அதே காலத்தில் கிரேட் நிக்கோபாரின் கலத்தியா வளைகுடாவில் துறைமுகத்துக்கும் நகரியத்துக்கும் காடு வெட்டப்படவிருக்கிறது. வெளியிலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் வரவிருக்கிறார்கள். அங்கே வேலைக்கு இறங்குபவரின் காய்ச்சலுக்கு நுண்ணோக்கிப் பரிசோதனையோடு மரபணுச் சோதனையும் கிடைக்குமாறு அந்தத் தீவின் கேம்பல் பே ஊரிலேயே ஆய்வகம் அமைப்பது, முதல் மரம் சாய்வதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை.